அளந்து போட்டது

ஆடி பிறந்ததும் போன் வாயை மூடிக்கொண்டது.
கல்யாண மண்டபம், "ஆவணி வரட்டும் மேடம்" என்றது.
துணிக்கடைக்காரர் தள்ளுபடி விளம்பரத்தைச்
சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு
எனக்கு ஒரு கட்டைப்பை அனுப்பினார்.
காட்பாடி பல் ஆஸ்பத்திரி போன மாதப் பாக்கியையே
இன்னும் மென்றுகொண்டிருக்கிறது.

சத்துவாச்சாரி, இரண்டாவது மாடி.
மேலே தகரம், தகரத்துக்கு மேலே வேலூர் வெயில்.
ஹேமாவதி வரைய ஒன்றுமில்லாமல்
எங்கள் நிறுவனத்தின் லோகோவையே
பதினோராவது முறை நீலமாக்குகிறாள்.
பத்தாம் தேதி அவளுக்குப் பதினாறாயிரம்.
அதை அவளும் நினைக்கிறாள், நானும் நினைக்கிறேன்,
இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்க்கிறோம்.

முதல் வாரம்
ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
திரையைக் கீழே இழுத்து விட்டேன்.
இரண்டாம் வாரம்
பாதி விலைக்கு வேலை செய்வதாக ஒரு செய்தி தட்டி
அறுபது பேருக்கு அனுப்பப் போய்
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
பாதி விலை ஆவணியிலும் பாதி விலைதான்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசும் பட்டியல் ஒன்று உண்டு.
அதில் என் இன்பாக்ஸையும் சேர்க்கச் சொல்லி
யாரிடம் மனு கொடுப்பது?

மூன்றாம் வாரம், வேறு வழியில்லாமல்,
பழைய கணக்குகளைத் திறந்தேன்.

பதினெட்டாம் பெருக்கு, மாலை நாலு மணி.
ஆம்பூர் இம்தாத் பாயின் செருப்புக் கடையை
வரைபடத்தில் தேடினேன்.
பாலாற்றின் நடுவில் இருந்தது கடை.
சந்தேகத்துக்கு இன்னும் பெரிதாக்கினேன்.
மணல், சீமைக்கருவேலம், ஒரு லாரித் தடம்,
அதன்மேல் என் கையால் நட்ட சிவப்புக் குறி.

எட்டு மாதம். நாளுக்கு இருநூறு ரூபாய் விளம்பரம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டிருக்கிறேன்.
எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள்,
வழி கேட்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு,
எல்லாம் மாதாமாதம் வண்ண அறிக்கையாகப் போயிருக்கிறது.
வழி எங்கே போகிறது என்பது மட்டும்
அதில் இல்லை.

வேலை நெரிந்த மாதமென்றால் பார்த்திருக்கவே மாட்டேன்.
குறியைப் பிடித்து, கரையேற்றி,
கடை வாசலில் வைக்க நாலு நொடி.
யாருக்கும் தெரியாது. ஹேமாவதிக்குக்கூட.

போன் போடுவதற்குள் ஒரு டீ ஆயிற்று.
இன்னொரு டீ ஆயிற்று.
சொன்னேன்.
மறுமுனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது,
பிறகு அதுவும் நின்றது.
"அட, அதாம்மா" என்றார்.
"ரம்ஜானுக்கு முந்தி ஒரு குடும்பம் வந்துச்சு.
காலெல்லாம் மணல்.
இந்த வெயில்ல ஆத்துல என்ன வேலைன்னு நெனச்சேன்.
நாலு ஜோடி எடுத்தாங்க."
சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.
இரண்டு மாதம் காசு வாங்காமல் செய்கிறேன் என்றேன்.
"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் ஹேமாவதி.
எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு
அடுத்த கணக்கைத் திறந்தாள். குடியாத்தம் பேக்கரி.
"அக்கா, ஞாயித்துக்கிழமை லீவுன்னு போட்டிருக்கோம்.
ஞாயிறுதான் இவங்களுக்குக் கூட்டமே."

மொத்தம் இருபத்தேழு கணக்கு.
ஆவணிக்குப் பதினான்கு நாள்.
ஒன்பதாவதில் இருக்கும்போது போன் அடித்தது.
மூன்று வாரமாக அதற்கே காத்திருந்த இரண்டு பேரும்
சாப்பாட்டு நேரத்தில் கதவு தட்டியவரைப் போல
அதைப் பார்த்தோம்.