ஆறு கால் ஆடு

"கோட்டை விட்டு விலகாதீர்கள்" என்றது திரை.
கோட்டையின் மேல்தான் நின்றிருந்தேன்.
கைப்பேசியை நெஞ்சுயரத்தில் பிடித்து
மூச்சை அடக்கி
இடமிருந்து வலமாகத் திரும்பினேன்,
கல்யாண வீட்டில் தட்டு ஏந்தியவர் மாதிரி.

கிருஷ்ணகிரி மலை. ஞாயிறு. பத்தரை மணி வெயில்.
கீழே என் வேலை முழுதும் விரிந்து கிடந்தது:
அணையின் பச்சைத் தண்ணீர்,
சென்னைக்கும் பெங்களூருக்கும் இழுபடும் சாலை,
மாங்கூழ் ஆலைகளின் தகரக் கூரைகள்,
பர்கூர்ப் பக்கம்
கேக் போலச் சதுரமாக வெட்டப்பட்ட குன்று ஒன்று.

புதன்கிழமைக்குள் பன்னிரண்டு பக்கம்.
தலைப்பைக் கமிட்டியே வைத்துவிட்டது:
'மாவட்டம்: ஒரு பரந்த பார்வை.'
கற்திட்டைகளில் தொடங்கி
ஓசூர் ரோஜா விமானம் ஏறுவதில் முடிக்க வேண்டும்.
பஞ்சத்துக்கு ஒரு பத்தி.
மொழிகளுக்கு ஒரு பத்தி.
"மக்கள் இணக்கமாக வாழ்கின்றனர்"
என்ற வரியை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்,
எங்கே செருகுவது என்பது மட்டும் என் பொறுப்பு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
ஒட்டுப்போட்ட இடம் எங்குமே தெரியவில்லை,
அந்த ஆட்டைப் பார்க்கும்வரை.
சுனையோரம் ஒரு வெள்ளாடு
ஆறு காலோடு நின்றது.
அதை மேய்த்த திம்மக்கா
இரண்டு இடத்தில் இருந்தாள்.
படிக்கட்டில் பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் குடிப்பவள் ஒருத்தி.
இடிந்த மதிலருகே குச்சியோடு ஒருத்தி.
நான் திரும்பிய வேகத்தில்
என் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள்.

காட்டினேன்.
ஆடுகளைத் தெலுங்கில் திட்டிக்கொண்டும்
கன்னடத்தில் எண்ணிக்கொண்டும் இருந்தவள்
என்னிடம் தமிழில் சொன்னாள்:
"ஆறு காலுக்கு சந்தையில கூடக் குடுப்பானா?"
பிறகு திரையைக் கையால் மறைத்து
நிழலில் உற்றுப் பார்த்தாள்.
"தண்ணி குடிக்கிறது நான்.
குச்சி வெச்சிருக்கிறவ
என் தங்கச்சி மாதிரி இருக்கறா."

தங்கச்சி எங்கே என்று
நான் கேட்கவில்லை.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
மொழிகளுக்கு ஒரு பத்தி என்று
குறிப்பேட்டில் அடிக்கோடிட்டுக்கொண்டு
இறங்கிவிட்டேன்.

போன மாதம், காவேரிப்பட்டணம் போகிற வழியில்,
மாம்பழ மண்டி ஒன்றின் பின்சுவரில்
நடுகல் சாய்ந்திருந்தது.
அதன் மேல் யாரோ ஹெல்மெட் மாட்டியிருந்தார்கள்.
எடுத்துவிட்டுப் பார்த்தேன்.
கையில் வாள், காலருகே இரண்டு மாடு,
தொடையில் தைத்த அம்பு.
எழுத்தில் மிஞ்சியது
"தொறு மீட்டுப் பட்டான்" மட்டும்.
யார் என்பது உடைந்துபோன மூலையில் இருந்திருக்கும்.
மாடுகளைவிடச் சிறியதாக, மேலே, அவனே மறுபடி:
தேவப்பெண்கள் இருவர் அக்குளில் கைகொடுத்துத்
தூக்கிப் போகிறார்கள்.
கீழே சாகிறான், மேலே போகிறான்,
ஒரே முழக் கல்லில்.
அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை.
கல்வெட்டுக்காரர்கள் மைபூசிப் படியெடுத்து
எண் போட்டு வைக்கிறார்கள்.

செவ்வாய் இரவு ரவுண்டானா லாட்ஜில்
பன்னிரண்டாம் பக்கத்தை முடித்தபோதுதான் உறைத்தது.
கோட்டை மேல் நின்றுகொண்டே
கோட்டை விட்டிருக்கிறேன்.
எல்லாம் இருந்தது அத்தியாயத்தில்:
பாளையங்கள், படையெடுப்புகள், அணை கட்டிய ஆண்டு,
கிரானைட் ஏற்றுமதி டன் கணக்கில்.
ஒட்டுப்போட்ட இடம் எங்குமே தெரியவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.
வியாழன் காலை கமிட்டியிலிருந்து போன்:
"எழுத்து பிரமாதம் சார்.
ஆட்டை மட்டும் நாலு காலாக்கி அனுப்புங்க.
அந்தம்மா ரெண்டு தடவை வர்றாங்க,
ஒண்ணை எடுத்துடுங்க."
எதை, என்று கேட்டேன்.
"எதையாவது" என்றார்.

நேற்று மறுபடி ஏறினேன்.
அவள் இல்லை.
ஆடுகள் இருந்தன,
எல்லாம் நாலே காலில்.