பத்துப் பத்தாக எண்ணும் மேடை

எடைமேடைக் கூண்டில் என் வேலை
புள்ளியை நகர்த்துவது.
திரையில் 36480 என்று கிலோவில் விழும்,
சீட்டில் 36.480 என்று டன்னில் எழுதுவேன்.
மூன்று தானம் இடப்பக்கம்.
ஒன்பது வருஷமாக அதற்குத்தான் சம்பளம்.

லாரி ஏறியதும் டிரைவர் இறங்கணும்,
கிளீனரும் இறங்கணும்.
ஒருநாள் முபாரக்
சீட்டுக்குப் பின்னால் சுருண்டு தூங்கிவிட்டான்.
ஐம்பது கிலோ நிலக்கரியாகக் கணக்கில் ஏறி
கொதிகலனுக்கே போயிருப்பான்,
இருமாமல் இருந்திருந்தால்.

துறைமுகத்துச் சீட்டு 36.520.
என் சீட்டு 36.480.
நடுவில் அத்திப்பட்டு ரோடு,
பாதி மூடின தார்ப்பாய், பள்ளங்கள்,
அப்புறம் கடற்காற்று.
"நாற்பது கிலோ குறையுது சார்" என்றேன், வந்த புதிதில்.
"பாயிண்ட் ஜீரோ ஃபோர் டன்மா. விடு."

விட்டேன்.

எண்ணூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
போன மாசம் ஒரு பலகை வைத்தார்கள்.
சிவப்பு எழுத்தில் காற்றின் கணக்கு ஓடுகிறது:
கன மீட்டருக்கு 118 மைக்ரோகிராம்.
நண்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு
கோமளீஸ்வரி அக்கா கேட்டாள்:
"மைக்ரோன்னா சின்னது தானேடி?"
சின்னதுதான்க்கா.
"அப்ப சரி" என்று
முந்தானையால் நண்டின் முதுகைத் துடைத்தாள்.
முந்தானை கறுத்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து
டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
நாற்பது கிலோ.
கிராமாக்க மூன்று சைபர், நாற்பதாயிரம்.
மில்லிகிராமுக்கு இன்னும் மூன்று, நாலு கோடி.
மைக்ரோவுக்கு மறுபடி மூன்று.
டிக்கெட்டில் இடம் போதாமல்
கடைசிச் சைபர்களை உள்ளங்கையில் எழுதினேன்:
நாலாயிரம் கோடி.
ஒரு லாரி. ஒரு நடை.
இதில் எதையும் நான் கூட்டவில்லை, பெருக்கவும் இல்லை,
அவர் இடப்பக்கம் தள்ளிய புள்ளியை
வலப்பக்கம் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

இரவு சோறு பிசையும்போது பார்த்தேன்,
சைபர்கள் அழிந்திருந்தன,
நாலு மட்டும் மங்கலாக இருந்தது.

இன்று காலை முதல் லாரி வருவதற்குமுன்
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடையில் நான் ஏறி நின்றேன்.
கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால் 60.
ஆஸ்பத்திரித் தராசில் நான் ஐம்பத்தேழு.

மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும், தெரியும்.
பத்துக்குக் கீழே இருப்பதை
ஒன்று ஏற்றிச் சொல்லும், இல்லை விட்டுவிடும்.
இருந்தாலும் அந்த மூன்று கிலோ
யாருடையது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.
வாசலில் ஹாரன் அடித்தது.
இறங்கும் முன் ஒருதரம்
நன்றாக இருமினேன்.

எண் மாறவில்லை.