பதினொரு விநாடி

இரண்டு மணிக்கு மணியடித்தது.
செங்கோல் முன்னே வர எல்லோரும் எழுந்தோம்.
லிலோங்வேயின் வெயில் மட்டும்
வாசலிலேயே நின்றுவிட்டது,
அதற்கு அனுமதிச் சீட்டு இல்லை.

என் வேலை கேட்பது.
அவைக்குறிப்பில் பதினான்கு வருடம்.
பத்து நிமிடம் நான், பத்து நிமிடம் வெஸி.
விதி ஒன்றுதான்:
ஒலிவாங்கி கேட்டதே அவை கேட்டது.

பிரார்த்தனை.
மேசையில் வைக்கப்பட்ட அறிக்கைகள் ஒன்பது.
மேசை ஒன்றையும் படிக்கவில்லை.
அப்புறம் ஓர் ஒழுங்குப் பிரச்சினை:
கசுங்கு உறுப்பினர் தொப்பியோடு உட்காரலாமா?
தலையில் தையல் போட்டிருக்கிறது என்றார் அவர்.
கழற்றிக் காட்டட்டும் என்றது எதிர் வரிசை.
இருபது நிமிடம் போனது.
(சிரிப்பு) என்று தட்டினேன்.
அடைப்புக்குறிக்குள் எல்லாச் சிரிப்பும் ஒரே அளவு.

கேள்வி எண் 212.
ந்சாஞ்சேயிலிருந்து ஃபைனஸ் மலெமியா,
அவைக்குப் புதியவர்.
காகிதம் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.
'சிதெங்கா சுகாதார நிலையத்துக்கு
மின்னாக்கியும் டீசலும் வாங்க
பட்ஜெட்டில் எழுதிய தொண்ணூறு லட்சம் குவாச்சா
எங்கே என்று நிதியமைச்சர் கூறுவாரா?'

மாண்புமிகு கலிஸ்டோ ம்சோசா எழுந்தார்.
கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என
இரண்டு கண்ணாடி வைத்திருப்பவர்.
இந்தக் கேள்விக்குத் தூரக் கண்ணாடி.
'தொகை ஒதுக்கப்பட்டுவிட்டது, அவைத்தலைவர் அவர்களே.
இன்னும் விடுவிக்கப்படவில்லை.
ஒதுக்கீடு வேறு, விடுவிப்பு வேறு.'

'ஒதுக்கியது உண்மைதான், எங்களை.
பணம் என்ன குற்றம் செய்தது?
ஜாமீனுக்கு யார் வர வேண்டும்?'

(சிரிப்பு.)
அமைச்சரும் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல.
மூன்று வருடமாக அவர் குரலைத் தட்டச்சு செய்கிறேன்,
எனக்குத் தெரியும்:
எண் சரியானது என்றால்
சொல்வதற்கு முன் தண்ணீர் குடிப்பார்.
இல்லையென்றால் சொன்ன பிறகு.

அந்நியச் செலாவணி என்றார்.
புகையிலை ஏலம் மந்தம் என்றார்.
'மூன்றாம் காலாண்டில்...'
மின்சாரம் போனது.

ஜன்னல் இல்லாத கூடம்.
ஆளும் வரிசை எது, எதிர் வரிசை எது,
இருமல்கள் எல்லாம் ஒரே கட்சி.
யாருடைய செருப்போ யாரையோ தேடியது.
பின்கட்டில் மின்னாக்கி உறுமியது.

வெளிச்சம் வந்தபோது
ஃபைனஸ் நின்றுகொண்டிருந்தார்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

'பதினொரு விநாடி' என்றார்.
'சிதெங்காவில் ஏப்ரலிலிருந்து.
கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
தாதி பிரசவம் பார்க்கிறாள்.
சார்ஜ் தீர்வதற்குள் பிள்ளை பிறந்தாக வேண்டும்.'

ஒலிவாங்கிகள் இன்னும் விழிக்கவில்லை.
சிவப்புப் புள்ளி எரிய அரை நிமிடம் பிடிக்கும்.
அமைச்சர் தண்ணீரைக் கையில் எடுத்தார்.
குடிக்காமல் வைத்தார்.
கேள்வி நேரம் முடிந்தது,
மீதிக்கு எழுத்தில் விடை என்றார் அவைத்தலைவர்.

பிறகு மீன்வள மசோதா, இரண்டாம் வாசிப்பு.
சம்போ மீனுக்காக
வலையின் கண் எத்தனை அங்குலம் இருக்கலாம்?
குஞ்சு தப்பட்டும், பெரியது சிக்கட்டும் என்றார் ஒருவர்.
நாட்டில் நேர்மாறாக அல்லவா நடக்கிறது என்று
யாரோ முனகினார்.
அது ஒலிவாங்கியில் விழுந்தது. பதிந்தேன்.

ஏழு மணிக்கு அவை கலைந்தது.
நான் திருத்த உட்கார்ந்தேன்.
ஒலிப்பதிவில் 'மூன்றாம் காலாண்டில்',
உடனே அவைத்தலைவர்.
நடுவில் எண்ணெய் பொரிவது போல ஓர் இரைச்சல்.
நீ கேட்டாய்தானே என்றேன் வெஸியிடம்.
எதை என்றாள்.
அவளுக்கு ஒப்பந்த வேலை, இரண்டு பிள்ளைகள்.
நான் மறுபடி கேட்கவில்லை.

பேச்சைச் சேர்க்க எனக்கு அதிகாரமில்லை.
நடந்ததைச் சேர்க்கலாம்.
சேர்த்தேன்:
(மின்தடை. பதினொரு விநாடியில் மின்னாக்கி இயங்கியது.)

தலைமைத் திருத்துநர் சிலோம்போ
எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.
விநாடிக் கணக்கு அவசியமா?

ஆம் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.
பக்கம் இன்னும் திரும்பி வரவில்லை.