முழங்கால் முந்தியது

கடல் இருந்தபோது நான் தொழுததில்லை.
தேவைப்படவில்லை.
அரால் எங்கள் துறையில் அலையடித்த நாளில்
காலை ஆறுக்கு ஊளையிடும்
மீன் தொழிற்சாலைச் சங்கு;
அதுவே எங்களுக்குப் பாங்கு.
டப்பாவுக்குப் பதினொரு துண்டு கெண்டை.
செதில் ஒட்டிய கையோடு சாப்பிட்டு
செதில் ஒட்டிய கையோடு தூங்கினோம்.
இறைவனைப் பற்றிப் பேசுபவர்கள்
கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்கள்.

பிறகு கடல் போனது.
ஒரே இரவில் அல்ல.
கடன் வாங்கிய உறவினன் போல
ஆண்டுக்கு ஆண்டு தள்ளித் தள்ளி நின்று
ஒருநாள் கண்ணிலேயே படவில்லை.
கப்பல்கள் மணலில் அமர்ந்தன.
சங்கை யாரோ கழற்றி
பழைய இரும்புக்குப் போட்டார்கள்.
என் கணவர் யெஸ்முராத்
அந்த உப்புத் தூசியை ஒன்பது ஆண்டு இருமினார்.
பத்தாம் ஆண்டு இருமவில்லை.

அடக்க நாளில் முல்லா ஓதியதில்
ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை.
நெஞ்சில் எதுவும் அசையவில்லை,
உள்ளதைச் சொல்கிறேன்.
அவன் நாட்டம் என்றார்கள் வந்த பெண்கள்.
அவர்கள் முன் ரொட்டி வைத்தேன்.
பதில் வைக்கவில்லை.

ஐம்பத்து மூன்றில் வேலை கிடைத்தது:
கடல் படுத்திருந்த தரையில் சக்சௌல் நடுவது.
இலை என்று சொல்ல ஒன்றுமில்லாத செடி.
கன்றைப் பார்த்தால் அடுப்புச் சுள்ளி.
வேர்விட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்,
தூசி எழாது என்றார்கள்.
பத்து நட்டால் மூன்று பிழைக்கும்,
அதுவும் நல்ல ஆண்டில்.
மேற்பார்வையாளன் துர்திமுராத்
நட்டதை எண்ணுவான், செத்ததை எண்ணுவான்,
எங்களை எண்ண மறந்து ஒருநாள்
பீபிஜாரை விட்டுவிட்டு லாரியை எடுத்துவிட்டான்.
பாதி வழியில் திரும்பிப் போனோம்.
அவள் நட்டுக்கொண்டிருந்தாள்.

மண்வெட்டியால் ஒரு கீறல்.
வலது முழங்கால் கீழே, பிறகு இடது.
கன்றை இறக்கி
இரண்டு உள்ளங்கையாலும் மண்ணை அழுத்தவேண்டும்.
காற்றடிக்கும் நாளில்
முகத்தைத் தரையோரம் கொண்டுபோனால்தான்
கண்ணைத் திறக்கலாம்.
எழு. இரண்டு எட்டு. மறுபடி.
நாளுக்கு நானூறு முறை.

முதல் மாதம் சபித்தேன்.
முழங்காலை, கடலை, மாஸ்கோவை,
செத்தவரை, அவர் இருமலை.
இரண்டாம் ஆண்டு சபிக்க மூச்சில்லை.
மூன்றாம் ஆண்டு முழங்காலில் தோல் காய்த்தது,
காலணா அகலம், இரண்டு பக்கமும்.
அதன்பிறகு மண் உறுத்தவில்லை.

தேதி கேட்காதீர்கள்.
மார்ச் மாதம், வெயில் சாயும் அஸர் நேரம்.
போன ஆண்டு வரிசையில்
செத்த கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.
ஒன்று வரவில்லை.
மேலே கரிக்குச்சி.
இழுத்தேன்.
கீழே எதையோ பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
பார்க்கத்தான் குனிந்தேன்.
நெற்றி மண்ணில் பட்டது.
எடுக்க மனம் வரவில்லை.

தண்ணீர் இல்லாத இடத்தில்
மண்ணைத் தொட்டு முகம் தடவலாம் என்று
பீபிஜார் பிறகு சொன்னாள்.
நான் முன்பே தடவியிருந்தேன்,
வியர்வையைத் துடைக்கப் போய்.
ஃபாத்திஹா பாதிதான் தெரியும்.
மீதிக்கு, போன மீன்களின் பெயர்களைச் சொன்னேன்.
அவனுக்குத் தெரியாத மீனா?

இப்போது முழுதும் ஓதுவேன்.
வயது அறுபத்தொன்று.
கடல் திரும்பவில்லை.
பத்துக்கு மூன்று, இன்னமும் மூன்றுதான்.
அந்தக் கரிக்குச்சி என் இடுப்பளவு நிற்கிறது;
அதற்குப் பக்கத்தில் இருந்த ஆறும் செத்துப்போயின,
அவற்றையும் சொல்லவேண்டும்.

நகரத்திலிருந்து வந்த இளைய இமாம் கேட்டார்:
"இவ்வளவுக்குப் பிறகும் ஈமான்
எப்படி வந்தது, அய்பாரா?"
நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன் என்று நினைத்திருப்பார்.
காட்டவேண்டியது முழங்காலை.
அதை எப்படி அவரிடம் காட்ட?

லாரியில் இடம் இருக்கிறது,
நாளை ஐந்தரைக்கு வாருங்கள் என்றேன்.
சங்கு ஊதாது.
நீங்களாக எழுந்துகொள்ள வேண்டும்.