மட்டப் புத்தகம், எர்ணாவூர்

அலுவலகத்தில் மிஞ்சியது இந்தப் பழைய மட்டக்கருவிதான்.
இதற்குள் பார்த்தால் தெரு தலைகீழ்:
கூரைகள் கீழே, சாக்கடை மேலே.
அளவுகோலைப் பிடித்திருக்கும் டில்லிபாபு
தரையில் கால் மாட்டி
வௌவால்போலத் தொங்குகிறான்.
எண்களை மட்டும் படிக்கப் பழகிவிட்டேன்.
ஒன்று புள்ளி நான்கு இரண்டு.
ஒன்று புள்ளி நான்கு ஒன்பது.
லாரி போகட்டும். மறுபடி.

கோப்பின் அட்டையில்
"நீடித்த நகர்ப்புற உட்கட்டமைப்பு" என்றிருக்கிறது.
உள்ளே இரண்டாயிரத்து ஐம்பதின் மக்கள்தொகை,
வடிகால் எழுநூற்று இருபது மீட்டர்,
பக்கிங்காம் கால்வாய் வரைக்கும்
ஒரே சரிவில் ஒரு நீலக்கோடு.
கோட்டுக்கு நாற்றம் இல்லை.

அமலோற்பவம் வாசலில் மீன்கூடை கழுவுகிறாள்.
"முன்னாடி வூட்டுக்கு மூணு படி ஏறுவோம் மேடம்.
நீங்க ரோட்டு மேல ரோடு போட்டீங்க.
இப்ப ரெண்டு படி எறங்குறோம்."

உள்ளே சுவரில் கறுப்பாக ஒரு கோடு,
அவள் இடுப்புக்குச் சற்று மேலே.
மழைத்தண்ணீரோடு எண்ணெய் வந்த வருடம்.
மூன்று தடவை வெள்ளை அடித்தும் போகவில்லை.
நீடித்தது அதுதான்.

டில்லிபாபுவை உள்ளே அனுப்பினேன்.
அளவுகோல் கூரையில் இடித்தது,
ஒரு மடிப்பு இறக்கிப் பிடித்தான்.
கறுப்புக்கோட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது
பின்னாலிருந்து கேட்டாள்:
"பௌர்ணமிக்குக் கடல் ஏறும்ல,
கால்வாத் தண்ணி அப்படியே நிக்கும்.
ஒங்க கொழா அன்னிக்கு எந்தப் பக்கம் ஓடும்?"

புத்தகத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
வடிகாலின் வாய், பூஜ்யம் புள்ளி மூன்று.
கடலேற்றத்தின் உச்சம், பூஜ்யம் புள்ளி ஆறு.
வித்தியாசம் அவள் கையால்
ஒரு சாணும் நாலு விரலும்.
நாங்கள் தோண்டப்போவது
கடல் இவள் வீட்டுக்கு வர ஒரு வழி.

மதிப்பீட்டில் இரண்டு வரி சேர்த்தேன்:
கடல்நீர் தடுக்கும் மடைக்கதவு, எண்ணம் ஒன்று.
கன்டெய்னர் லாரிகள் நிற்கும் பள்ளத்தைப்
பள்ளமாகவே விடவும்.

பதினெட்டாம் நாள் கோப்பு திரும்பியது.
சிவப்பு மையில், "தேவையில்லை. சரிவே போதும்."
பள்ளத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை,
கேள்விக்குறி மட்டும்.

திருத்திய மதிப்பீட்டில்
அதே இரண்டு வரியை மறுபடி எழுதினேன்.
இணைப்பாக அந்தக் கறுப்புக்கோட்டின் மட்டம்,
மூன்று தசமத் தானத்துக்கு.
சாட்சிக் கையெழுத்து வாங்க
சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.
இரண்டு படி இறங்கி.

"இத்தப் போட்டா கதவு வந்துருமா?"
தெரியாது என்றேன்.
கூடையைக் கீழே வைத்தாள்,
கையை முந்தானையில் துடைத்தாள்.
"சரி. பேனாவக் குடு."