ஒழுங்கான வினைகள்

கஸ்தூரியார் வீதியில் ரயர்க் கடைக்கு மேல்
பதினெட்டுப் படி ஏறினால் எங்கள் வகுப்பு.
ரப்பர் மணமும் மார்க்கர் மணமும்.
ஆங்கிலம் எனக்கு இனி எப்போதும் அப்படித்தான் மணக்கும்.

அநுத்திகா மிஸ்ஸுக்கு இருபத்திமூன்று. எனக்கு முப்பத்தாறு.
"நல்ல பிள்ளையள் இந்த வினையள்" என்கிறா,
"பின்னால ஒரு எட் போட்டா இறந்தகாலம். சண்டை பிடிக்காதுகள்."
குக், குக்ட். வோஷ், வோஷ்ட். வெயிற், வெயிற்றட்.
"ஒற்றைச் சொல் வேண்டாம். முழு வசனமாச் சொல்லுங்கோ."

சமைப்பது, கழுவுவது, காத்திருப்பது:
என்னிடம் உள்ளவை எல்லாம் ஒழுங்கானவை.
போவதும் வருவதும் தருவதும்தான்
அங்கே ஒழுங்கு கெட்டவையாம்.
அவற்றை அடுத்த மாதம் படிப்பிப்பா.
அதற்குள் அவர் போய் ஐந்து வருசமாகிவிடும்.

காத்திருந்தேன் என்றால் அது நான்.
காத்திருந்தாள், காத்திருந்தினம், காத்திருந்தனீங்கள்:
தமிழில் ஒவ்வொரு காத்திருப்பும்
உடையவரை வாலில் கட்டிக்கொண்டு திரியும்.
சந்தையில் தொலைந்தாலும் வீடு விசாரித்து வந்துவிடும்.
இந்த வெயிற்றட்
எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை.
ஐ, யூ, வீ, தே,
யார் போட்டாலும் நுழைகிறது.
யாருடையது என்று கொடியில் பார்த்துச் சொல்ல முடியாது.

நிகழ்காலத்தில் மட்டும் ஹீக்கும் ஷீக்கும் ஒரு எஸ்.
மீன் கொம்பனி லொறி ஓடும் சிவநேசன் கேட்டார்,
"அவைக்கு மட்டும் என்ன விசேசம் மிஸ்?"
"அது ரூல்."
நான் கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்:
எதிரில் இருக்கிறவருக்கு ஒன்றும் வேண்டாம்,
இங்கே இல்லாத ஆளுக்குத்தான்
ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹீ கோல்ஸ் மீ எவ்ரி சண்டே.
விசாப் பரீட்சைக்கு நான் பாடமாக்கிய வசனம்.
பழக்கத்தைச் சொல்லும் நிகழ்காலமாம் இது,
இப்போது நடந்துகொண்டிருக்கத் தேவையில்லை,
வழமையாக நடந்தால் போதும்.
தைப்பொங்கலுக்குப் பிறகு மூன்று ஞாயிறு வழமை இல்லை.
எஸ்ஸை நான் எடுக்கவில்லை.

கரண்ட் நின்ற ஒரு பின்னேரம்.
பலகை தெரியாமல் வாயாலேயே நடத்தினா மிஸ்.
ஏவல் வினைக்கு எழுவாய் கிடையாது.
ஓப்பின். வோக். வெயிற்.
"இது எங்களுக்குத் தெரியும் மிஸ்" என்றாள்
பாசையூர்ப் பிரான்சிஸ்கா,
"வரிசையில நிண்டு படிச்சது."
இரண்டு பேர் சிரித்தோம், நீட்டவில்லை.
கீழே யாருடைய ரயருக்கோ காற்றடிக்கும் சத்தம்.

பிறகு இஃப்.
நடக்காததைச் சொல்ல
நடந்து முடிந்த காலத்தை இரவல் வாங்குகிறார்கள்.
இஃப் ஹீ கோல்ட், ஐ வுட் ஆன்சர்.
கோல்ட் என்று எழுதியிருக்கும், அழைப்பு வந்திராது.
கள்ளக் கணக்கு என்று நினைத்தேன்.
படியிறங்கும்போதுதான் பிடிபட்டது,
எங்களுடைய 'வந்தால்' என்ன யோக்கியம்?
அதற்குள்ளும் ஒருவர் ஏற்கெனவே வந்து
சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருக்கிறாரே.
காரைநகர் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டிருந்து
இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்
ஒன்றரைக் கட்டை திரும்பி நடந்தேன்.

நேற்று ஞாயிறு.
ஒன்பதரைக்கு அவர் முகம், பின்னால் லெஸ்ரரின் வெள்ளைச் சுவர்.
லீவு இல்லை, ஓவர்ரைம், குளிர் என்று சொல்லி முடித்துவிட்டு
"படிச்சதை ஒருக்கா எடுத்துவிடு பாப்பம்" என்றார்.

கேள்வி என்று வந்தால் எட் கழன்றுவிடும்.
டிட் முன்னால் போய்
பழையதையெல்லாம் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும்.
வினை வெறுங்கையோடு பின்னால் வரும்.
ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டேன்:
டிட். யூ. வெயிற்.

"எங்க? எதுக்கு?" என்றார். தமிழில்.
"முழு வசனமாச் சொல்லுங்கோ" என்றேன்.

சிக்னல் நல்லாய்த்தான் இருந்தது.
அவருக்குப் பின்னால் சுவரில்
மணிக்கூட்டு முள் நகர்வது தெரிந்தது.