நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்

வெளியே அளந்தால் ஐம்பத்து நான்கு மீட்டர் இருபது.
உள்ளே அறை அறையாகக் கூட்டி
சுவர்த் தடிமனையும் சேர்த்தால்
ஐம்பத்து நான்கு பதினேழு.
மூன்று சென்டிமீட்டரை எங்கோ தொலைத்திருக்கிறோம்.
"கிழட்டுக் கட்டிடம், விட்டுத்தள்ளு" என்கிறார் தார்ச்சிசியோ,
நாடாவின் மறுமுனையில்
பல்லிடுக்கில் பென்சிலோடு.

இந்த ஆலையில் கட்டிடம் முதலில் வரவில்லை.
எந்திரம்தான் வந்தது:
மூன்று மாடி உயர மரக்கூண்டு,
நடுவே ஒற்றைத் தண்டு.
ஆறு அதைச் சுழற்ற
நானூறு கதிர்கள் இரவும் பகலும் முறுக்கேற்றின.
அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல்
அதைச் சுற்றித்தான் சுவர் எழுப்பினார்கள்.
தளத்துக்குத் தளம் நடுவில் இந்த வட்ட ஓட்டை
அதன் உடம்பு இருந்த இடம்.
மரத்தை விறகுக்கு விற்றாயிற்று.
சட்டை மட்டும் நிற்கிறது,
பொத்தான் போடாமல்.

கிழக்குக் கூடம் பிறகு வந்தது, நீராவியோடு.
எழுபது செம்புத் தொட்டி, கொதிநீரில் கூடுகள்,
நுனி தேடி வெந்த விரல்கள்.
லோம்பார்டியின் அத்தனை வெயிலும் உள்ளே வர
பதினெட்டுச் சன்னல், ஒவ்வொன்றும் தேவாலயத்துக்குப் போதும்.
ஆனால் தரையிலிருந்து இரண்டு மீட்டர் பத்தில்தான் தொடங்குகின்றன.
வெளிச்சம் வேண்டும், காற்று கூடாது.
காற்று வந்தால் இழை அறும்.
கண் வெளியே போனால் கூலி அறும்.
நான் எழுதுவது: "சன்னல் அடிமட்டம் 2.10."

கொத்தன் நூல் பிடித்துக் கட்டியிருக்கிறான்.
வடசுவரில் ஒரு நூல்கூடப் பிசகில்லை,
கடைசித் தொட்டிக்குப் பின்னால் தவிர.
அங்கே காரை உதிர்ந்து ஒரு செங்கல் ஆடுகிறது.
இழுத்தேன், வந்துவிட்டது.
பின்னால் இன்னொன்று இல்லை. அதற்கும் பின்னால் இல்லை.
அறுபத்திரண்டு சென்டிமீட்டர் சுவரைக் குடைந்து
நேராக இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்து போகும் துளை.
ஆணியாலோ கரண்டிக் காம்பாலோ செய்த வேலை,
எத்தனை மாத வேலை.
உயரம் அளந்தேன். நூற்றுப் பதினெட்டு.
கண் வைக்க முழங்காலிட வேண்டியிருந்தது.

முனிசிபல் காப்பகத்தில் அபராதப் புத்தகம் இருக்கிறது.
போன வாரம் படித்தபோது சிரித்திருந்தேன்.
பேச்சு, கால் நாள்.
அனுமதியின்றிப் பாட்டு, கால் நாள்.
ஓர்சோலா கிஸ்லாண்டி, வயது பதினொன்று,
சுவருக்குச் சேதம், அரை நாள்.
அடுத்த மாதம் அதே குற்றம், வேறு பெயர்: செலஸ்தா.
அதற்கடுத்து எர்மினியா.
பிறகு மீண்டும் ஓர்சோலா.
எலித்தொல்லைக்கு மருந்து வாங்கிய கணக்கும்
அதே பக்கத்தில்.

துளைக்குள் என்ன தெரியும் என்று நினைத்தேன்?
ஏரி தெரியும், மலை தெரியும்,
யாரோ ஒரு பையன் தண்ணீரில் கல்லெறிவது தெரியும்.
அதெல்லாம் இல்லை.
கோயில் கோபுரத்தின் கடிகாரம் தெரிந்தது.
கடிகாரம் மட்டும்,
சட்டம் போட்டு மாட்டியதுபோல்.

மேஸ்திரியின் கடிகாரம் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள்.
அதன் ஆணித் தடத்தைக் காலையில்தான் குறித்தேன்.
மாலையானால் அது மெதுவாகியிருக்க வேண்டும்.
எவ்வளவு என்று
எழுபது பேருக்குத் தெரிய வேண்டியிருந்தது.
ஒருத்தி பார்ப்பாள், பக்கத்துத் தொட்டிக்குச் சொல்வாள்.
பேச்சு, கால் நாள்.

வாங்கியவர்கள் இங்கே பன்னிரண்டு வீடு கட்டுகிறார்கள்.
வடசுவரில் குளியலறை, குழாய், ஓடு.
நூற்றுக்கு ஒன்று அளவில் வரைந்தால்
அந்தத் துளை ஒன்றரை மில்லிமீட்டர் வரும்,
பேனா பிசகியதென்று நினைப்பார்கள்.
தனித்தாள் எடுத்து
பத்துக்கு ஒன்று அளவில் வரைகிறேன்.
சாய்வுக் கோணம், ஆழம், உயரம்.
குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
"காற்றோட்டம்" என்று எழுதினால் அடைத்துவிடுவார்கள்.

முற்றத்தில் பட்டுப்போன மல்பெரி ஒன்று
அதையும் அளக்க வேண்டும்.
தார்ச்சிசியோ கீழிருந்து கத்துகிறார், பசிக்கிறதாம்,
மணி பன்னிரண்டு ஆகிவிட்டதாம்.
குனிந்து பார்க்கிறேன்.
ஆகவில்லை.
பதினொன்று நாற்பத்தேழு.